தெருவை மூடுமுன் யாரைக் கேட்பது?

2015-இல் லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் வால்தம்ஸ்டோ வில்லேஜ் என்ற பழைய குடியிருப்பின் கடைத்தெருவுக்குத் திறப்பு விழா நடந்தது. ஆர்ஃபர்ட் ரோடு என்ற அந்தச் சின்னத் தெருவில் பகல் முழுக்க இனி கார் வராது, ஜனங்கள் நடக்கலாம் என்று அறிவிக்கும் விழா. அதற்கு வந்தவர்களில் ஒரு கூட்டம் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தது. எங்கள் ஊர் செத்துப்போயிற்று என்பதுதான் அவர்கள் சொல்ல வந்த சேதி.

சவப்பெட்டி தூக்கியவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. அதே வட்டாரத்தில் குடியிருப்பவர்கள், கடை நடத்துபவர்கள். அவர்கள் தரப்பு வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வால்தம் ஃபாரஸ்ட் கவுன்சில் அவர்களைக் கேட்காமலும் இருந்துவிடவில்லை. துண்டறிக்கை போட்டது, கூட்டம் நடத்தியது, இணையத்தில் கருத்துக் கேட்டது. இத்தனைக்குப் பிறகும் எதிர்ப்பு சவப்பெட்டி வரைக்கும் வந்ததென்றால், கருத்துக் கேட்பு என்ற சடங்கில் எங்கோ இடறுகிறது என்று ஐயப்படலாம். அந்த இடறல் எங்கே என்று பார்ப்பதற்கு ஆர்ஃபர்ட் ரோடு நல்ல இடம். அங்கே நடந்தவற்றில் சரியும் உண்டு, தவறும் உண்டு.

பின்னணி இது. 2014-இல் லண்டன் போக்குவரத்து ஆணையம், கார்களை மிகுதியாக நம்பியிருக்கும் புறநகர்களில் நடப்பதையும் சைக்கிள் ஓட்டுவதையும் வளர்ப்பதற்காக, என்ஃபீல்டு, கிங்ஸ்டன், வால்தம் ஃபாரஸ்ட் ஆகிய மூன்று கவுன்சில்களைத் தேர்ந்தெடுத்தது. திட்டத்துக்கு 'மினி ஹாலந்து' என்று பெயர். வால்தம் ஃபாரஸ்டுக்குக் கிடைத்த பங்கு சுமார் 2.7 கோடி பவுண்டு. பணம் கையில் வந்ததும் கவுன்சில் வரைபடத்தோடு நேரே கூட்டத்துக்குப் போய்விடவில்லை. அந்த ஆகஸ்டில் இரண்டு வாரம் ஆர்ஃபர்ட் ரோட்டையும் சுற்றியுள்ள சில தெருக்களின் வழிகளையும் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தது. காகிதத்தில் காட்டுவதற்கு முன் தெருவிலேயே காட்டிவிடுவது என்ற முடிவு.

முடிவு துணிச்சலானது, இரண்டு வாரம் என்பதுதான் போதாது. ஒரு வழி அடைபட்டால் மறு வழி தேடிப் பழகுவதற்கு ஓட்டுநர்களுக்கு நாள் பிடிக்கும். முதல் சில நாட்கள் எப்போதும் குழப்பம்தான். இரண்டு வார ஒத்திகை அந்தக் குழப்பத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். பழகிய பின் தெரு எப்படியிருக்கும் என்பதைக் காட்டாது. எதிர்த்தவர்கள் கண்ணால் கண்டது நெரிசலை. அதை வைத்து அவர்கள் பேசியதில் பிழை சொல்ல முடியாது.

ஒத்திகைக்குப் பிறகு வந்த இறுதி வடிவம் முழு அடைப்பில்லை. ஆர்ஃபர்ட் ரோட்டில் காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. ஆனால் W12 என்ற உள்ளூர்ப் பேருந்து அப்போதும் தெருவின் வழியாகவே போகும். காலை 10 மணிக்கு முன் சரக்கு வண்டிகள் வந்து கடைகளுக்கு இறக்கிவிட்டுப் போகலாம். குடியிருப்புத் தெருக்களில் செடித்தொட்டிகளும் கம்பங்களும் வைத்துக் குறுக்கு வழிகளை அடைத்தார்கள். அங்கே வசிப்பவர் தம் காரை வீட்டு வாசல் வரை கொண்டுவரலாம், ஆனால் யாரும் ஒரு பெருஞ்சாலையிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே பாய முடியாது. இந்த மூன்றும், அதாவது நேரக் கட்டுப்பாடு, பேருந்துக்கு விலக்கு, வாசல் வரை வழி, கடைத்தெருவை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களின் வாயிலிருந்து வரக்கூடிய கவலைகளுக்கான விடைகள். 'கார் வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட பதில் வராது. 'உங்கள் கடைக்குச் சரக்கு எத்தனை மணிக்கு வருகிறது', 'உங்கள் அம்மா மருத்துவரிடம் எதில் போகிறார்' என்று கேட்டால் வரும்.

விளைவு என்ன? கவுன்சிலின் கணக்குப்படி, வில்லேஜின் உட்புறத்தில் 12 முக்கியத் தெருக்களில் வண்டிப் போக்குவரத்து சுமார் 44 சதவீதம் குறைந்தது. சில ஆண்டுகள் கழித்துக் கவுன்சில் எடுத்த கருத்துக் கணிப்பில், இந்த ஏற்பாட்டை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்றவர்கள் 1.7 சதவீதம் பேர். தீயணைப்பு வண்டிகள் தாமதமாகும் என்ற அச்சத்தையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். லண்டன் தீயணைப்புப் படையின் பல ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, இந்தத் தெருக்களில் அவர்கள் வந்துசேரும் நேரம் கூடியதற்குச் சான்று இல்லை என்றது.

இந்த எண்களைக் காட்டி 'பார்த்தீர்களா, எதிர்ப்பு வீண்' என்று சொல்லிவிடுவது ஆதரவாளர்களின் வழக்கம். கொஞ்சம் பொறுக்கலாம். 1.7 என்பது கவுன்சிலே எடுத்த கணக்கு. அதைவிட, வில்லேஜைச் சுற்றியுள்ள சில பெரிய சாலைகளில் வண்டிகள் கூடின என்பதும் அதே கவுன்சிலின் எண்ணிக்கையில் இருக்கிறது. அந்தச் சாலைகளின் ஓரத்திலும் வீடுகள் உண்டு, மாடிகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் உண்டு. அமைதியான தெருவில் வீடு வைத்திருப்பவரின் மகிழ்ச்சியை அளப்பவர்கள் பேருந்துச் சாலையில் குடியிருப்பவரின் இரைச்சலையும் அதே தராசில் வைக்கவேண்டும். யாரைக் கேட்பது என்ற எல்லைக்கோட்டை வரைகிற கை, விடையில் பாதியைக் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறது.

கருத்துக் கேட்பதில் இங்கிலாந்துக்கு ஒரு சட்ட மரபு இருக்கிறது. அது பிறந்தது சாலை விவகாரத்திலிருந்து இல்லை, பள்ளிக்கூட விவகாரத்திலிருந்து. 1985-இல் லண்டனின் பிரெண்ட் பகுதியில் பள்ளிகளை மூடும் திட்டத்தை எதிர்த்து வந்த வழக்கில், ஸ்டீஃபன் செட்லி என்ற வழக்கறிஞர் முன்வைத்து நீதிபதி ஏற்றுக்கொண்ட நான்கு விதிகள் இன்றும் கன்னிங் விதிகள் என்று வழங்குகின்றன. திட்டம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்து விடை சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் கொடுக்க வேண்டும். வந்த கருத்துகளை மனச்சாட்சியோடு எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். 2014-இல் வால்தம் ஃபாரஸ்டுக்கு அடுத்த வட்டாரமான ஹாரிங்கே மீது வந்த ஒரு வரிச்சலுகை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நான்கையும் உறுதிப்படுத்தியது. கவுன்சில் பரிசீலித்துக் கைவிட்ட மாற்று வழிகளையும் அந்த வழக்கில் மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றது. படிக்கச் சாதாரணமாகத் தெரியும் விதிகள். ஆனால் டெண்டர் விட்ட பிறகு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கும் எந்த நிர்வாகமும் முதல் விதியிலேயே தோற்றுவிடும்.

அந்த நாட்டுச் சாலைச் சட்டத்தில் சோதனை ஆணை என்று ஒன்றும் உண்டு. அதிகபட்சம் 18 மாதங்களுக்கு ஒரு மாற்றத்தைச் சோதனையாகச் செய்து பார்க்கலாம். ஆணை நடைமுறைக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் வரும் ஆட்சேபங்களைப் பதிவுசெய்து, அதன் பிறகே நிரந்தரமாக்குவதா கைவிடுவதா என்று முடிவுசெய்ய வேண்டும். ஊகத்தை எழுதித்தரச் சொல்வதற்குப் பதிலாக அனுபவத்தை எழுதித்தரச் சொல்லும் ஏற்பாடு இது. இதையும் கெடுக்க முடியும் என்பதை 2020 காட்டியது. கொரோனா காலத்தில் அவசர நிதியோடு பல லண்டன் கவுன்சில்கள் முன்னறிவிப்பு அதிகமில்லாமல் தெருக்களை அடைத்தன. ஈலிங் கவுன்சில் அவற்றில் பெரும்பாலானவற்றை 2021-இல் அகற்ற வேண்டிவந்தது. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது தெருமுனையில் செடித்தொட்டியைப் பார்த்தவர், 'இது சோதனைதான், ஆறு மாதம் கழித்துச் சொல்லுங்கள்' என்பதைக் காதில் வாங்குவாரா?

கடைக்காரர்களின் அச்சத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். எந்த ஊர்க் கூட்டத்திலும் முதலில் எழுந்து பேசுபவர்கள் அவர்கள்தான். பிழைப்பே அந்தத் தெருவில் இருப்பதால் அது இயல்பு. அவர்கள் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றே: 'காரில் வருகிறவர்களை நம்பித்தான் கடை நடக்கிறது.' இந்தக் கூற்றைச் சோதித்த ஆய்வுகள் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006-இல் சஸ்ட்ரான்ஸ் என்ற அமைப்பு ஒரு கடைத்தெருவில் விசாரித்தது. தங்கள் வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். வாடிக்கையாளரைக் கேட்டபோது அது 22 சதவீதம்தான். அரை மைலுக்குள் வசிப்பவர்கள் 12 சதவீதம் என்று கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் 42 சதவீதம்.

2021-இல் வெளியான பெர்லின் ஆய்வு இன்னும் கூர்மையானது. கோட்புஸர் டாம், ஹெர்மன்ஷ்ட்ராஸ என்ற இரண்டு கடைத்தெருக்களில் சுமார் 2000 வாடிக்கையாளரையும் 145 வணிகரையும் கேட்டார்கள். வணிகர் மதிப்பீட்டில் 21.6 சதவீதம் பேர் காரில் வருகிறார்கள்; உண்மையில் 6.6 சதவீதம். ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் எட்டில் ஒருவர் என்று வணிகர் கணித்தார்கள்; உண்மையில் பாதிக்கு மேல். இதில் முக்கியமான கண்டுபிடிப்பு வேறு. தாமே கடைக்குக் காரில் வரும் வணிகர்களின் மதிப்பீடுதான் மிக அதிகமாகப் பிசகியிருந்தது. தான் எப்படி வருகிறோமோ அப்படியே ஊரும் வருகிறது என்று நினைப்பது மனித சுபாவம். ஆகவே கருத்துக் கேட்கப் போகும் அதிகாரி முதலில் செய்ய வேண்டியது கூட்டம் போடுவதில்லை. கடை வாசலில் நின்று, வருகிறவர்களிடம் எதில் வந்தீர்கள், எங்கிருந்து, எவ்வளவுக்கு வாங்கினீர்கள், வாரத்தில் எத்தனை முறை வருவீர்கள் என்று கேட்டு எண்ணுவது. அந்த எண்கள் கையில் இல்லாத கூட்டம், உரக்கப் பேசுகிறவருக்குச் சாதகமாகவே முடியும்.

கணக்கு மட்டும் கையிலிருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் பெர்லினே சாட்சி. நகரின் நடுவிலுள்ள ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராஸ என்ற கடைவீதியில் சுமார் 500 மீட்டரை 2020 ஆகஸ்டில் கார்களுக்கு மூடினார்கள். முதலில் சோதனை என்றார்கள். கெடு நீண்டது. 2021 அக்டோபரில் சோதனைக் காலம் முடிந்த பிறகும், நிரந்தரமாக்கும் சட்ட நடைமுறை நிறைவேறாத நிலையில், தெரு மூடியே கிடந்தது. கார்கள் பக்கத்து வீதிக்குத் திரும்பின. அந்தப் பக்கத்து வீதியில் ஒயின் கடை நடத்தும் ஒருவர் வழக்குப் போட்டார். 2022 அக்டோபரில் நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதம் கார்கள் திரும்பின. 2023 ஜனவரி 30 அன்று பசுமைக் கட்சி அமைச்சர் பெட்டினா யாரஷ் தெருவை மறுபடி மூடினார். நகரத் தேர்தலுக்கு அப்போது இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. தேர்தலில் வென்று ஆட்சி அமைத்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, ஜூலை 1 அன்று மறுபடி கார்களுக்குத் திறந்தது. மூன்று ஆண்டில் ஒரு தெரு மூடி, திறந்து, மூடி, திறந்தது. அங்கே கடை வைத்திருப்பவர் எதை நம்பி முதலீடு செய்வார்? (கார் திரும்பியும் அந்த வீதியின் பேர்பெற்ற கலெரி லாஃபயேத் அங்காடி 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது என்பது தனிக் கதை. கடைவீதியின் தலையெழுத்தைக் கார் ஒன்று மட்டும் தீர்மானிப்பதில்லை.)

ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராஸவில் குறைந்துபோனது சோதனை இல்லை. சோதனையை முடித்துவைக்கும் ஒழுங்கு. எந்த நாளில் முடியும், எதை அளப்போம், என்ன எண் வந்தால் தொடர்வோம், என்ன வந்தால் கைவிடுவோம் என்பது முதல் நாளே எழுதி ஒட்டப்பட்டிருந்தால், தோற்றவர்களும் விளையாட்டின் விதியை ஏற்றிருக்கக்கூடும். பாதிக்கப்பட்டது மூடிய தெருவின் கடைக்காரர் மட்டுமல்ல, பக்கத்துத் தெருக்காரரும்கூட. வழக்கு அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பது அடுத்த சிக்கல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நகரமைப்புக் கூட்டங்களின் குறிப்பேடுகளைப் படித்து ஐன்ஸ்டீன், கிளிக், பாமர் என்ற மூன்று அரசியல் அறிஞர்கள் 2019-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்கள் ஊரின் பொதுவான மக்கள்தொகையைவிட வயதில் மூத்தோர், ஆண்கள், சொந்த வீடு உள்ளோர், நெடுநாள் குடியிருப்பவர்கள் என்று அதில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் புதிய கட்டுமானத்தை எதிர்த்தே பேசினார்கள். அது வீட்டுக் கட்டுமானம் பற்றிய ஆய்வுதான். ஆனால் மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு வரமுடிகிறவர் யார் என்பது கடைத்தெருவுக்கும் பொருந்தும். சமையலை விட்டு வரமுடியாத பெண், இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கும் கடைப்பையன், அந்தத் தெருவில் சாமான் வாங்க இரண்டு பேருந்து மாறி வரும் குடும்பம், இவர்களில் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசினால் சென்னை பாண்டி பஜார் நினைவுக்கு வராமல் இருக்காது. 1920-களில் மாம்பலத்தின் நெடுங்குளம் ஏரிப் படுகையில் உருவான தியாகராய நகரின் இந்தத் தெரு, வீட்டுவசதிக்காகத் திட்டமிட்ட பேட்டையில் தானாக முளைத்த கடைவீதி. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்து ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் தி. நகர் தேர்வானபோது பாண்டி பஜாரை நடைபாதை வளாகமாக்கும் யோசனை உருப்பெற்றது. கார் விட்டு நடந்து பார்க்கும் ஒத்திகையும் நடந்தது. வணிகர் எதிர்ப்பும் வந்தது. வாகனங்களை அறவே விலக்கும் யோசனை கரைந்து, வண்டிப் பாதையைச் சுருக்கி இருபுறமும் நடைபாதையை அகலமாக்குவதில் வந்து நின்றது. 2019 நவம்பரில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வளாகத்தைத் திறந்துவைத்தார். அகன்ற நடைபாதை, உட்காரும் இடங்கள், மரநிழல். இன்று அங்கே மாலையில் போகிறவர் குழந்தையைக் கையைப் பிடிக்காமல் நடக்கவிடலாம். சென்னையில் அது சின்ன விஷயமில்லை.

குறையும் உண்டு. தணிகாசலம் சாலையில் 200-க்கு மேற்பட்ட கார்களும் சுமார் 500 இருசக்கர வண்டிகளும் நிறுத்தும் பலமாடிக் கட்டடம், வளாகம் திறந்த பிறகே பயன்பாட்டுக்கு வந்தது. வண்டியை எங்கே விடுவது என்பது கடைக்காரரும் வாடிக்கையாளரும் முதல் நாளிலிருந்தே கேட்ட கேள்வி. விடை பின்னால் வரும் என்று வேலையை முன்னால் முடித்தால், இருசக்கர வண்டிகள் தமக்குத் தெரிந்த வழியில் நடைபாதைக்கு ஏறிவிடும்.

இதைவிடப் பெரிய கேள்வி நடைபாதை வியாபாரிகளைப் பற்றியது. பாண்டி பஜார் என்றால் வளையலும் ஹேர்ப்பின்னும் கைக்குட்டையும் விற்ற நடைபாதைக் கடைகள்தான் பலர் மனதில் இருக்கும். நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த நீண்ட வழக்குகளுக்குப் பின், அவர்கள் 2013-இல் பலமாடி வணிக வளாகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார்கள். தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 2014-இல். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்றெல்லாம் சொல்லும் சட்டம். இந்திய நகரச் சட்டங்களில் கருத்துக் கேட்பை ஒரு கூட்டத்தோடு முடிக்காமல் நிரந்தர இருக்கையாக்கியவை மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. பாண்டி பஜாருக்கு அது ஓராண்டு பிந்தி வந்தது. வளாகத்துக்கான வரைபடம் போட்டபோது தெருவோரத்திலிருந்து வியாபாரிகள் பெருமளவு விலக்கப்பட்டுவிட்டார்கள். அதன்பின் 'தெருவில் இருப்பவர்களிடம்' கேட்டால், கேட்கப்படுகிறவர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள்.

2022-இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நகரப் பகுதிகளில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராமசபைக்கு நகரத்தில் ஓர் இணை என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் பகுதி சபை அந்தப் பகுதி வாக்காளர்களின் சபை. தி. நகரின் குப்பையும் இரைச்சலும் அவர்கள் தலையில் விழுவதால் அவர்கள் குரலுக்கு முன்னுரிமை தருவது முறைதான். பாண்டி பஜாரில் பணம் செலவழிப்பவர்களில் பலர் தாம்பரத்திலும் ஆவடியிலும் காஞ்சிபுரத்திலும் வாக்குரிமை உள்ளவர்கள். அவர்களுக்கு எந்தச் சபையிலும் இடம் இல்லை.

அவர்களைத் தேடிப்பிடிப்பது கடினமும் இல்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. பையோடு நடந்து வருகிற கூட்டம் அதன் வழியாகத்தான் போய்வருகிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ஒன்றிலும், ஆடித் தள்ளுபடி முடிந்த சாதாரணச் செவ்வாய் ஒன்றிலும், அதன் இரு முனைகளில் நான்கு பேர் நின்று மூன்றே கேள்வி கேட்டால் போதும்: எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வந்தீர்கள், நடக்க எந்த இடத்தில் சிரமப்பட்டீர்கள். பிரிஸ்டலிலும் பெர்லினிலும் செய்தது கிட்டத்தட்ட இவ்வளவுதான். அடுத்த கடைவீதிக்கு வரைபடம் போடுமுன் அந்தத் தாள்கள் மேசைமேல் இருக்கவேண்டும். வணிகர் சங்கத்தின் மனுவும் நகர விற்பனைக் குழுவின் தீர்மானமும் பகுதி சபையின் குறிப்பேடும் அவற்றோடு ஒரே கோப்பில்.